தரங்கம்பாடிக் கடலோரத்தில் வீல்சேர்: கோடைக்கால அனுபவம்

வீல்சேரில் மாட்டும் மோட்டார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இரண்டு: எவ்வளவு வேகம் போகும், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் வரும்? தரங்கம்பாடி மாதிரி ஊருக்கு இரண்டுமே தேவையில்லாத கேள்விகள். 1792-இல் கட்டிய நுழைவாயிலில் ஆரம்பித்து கிங் தெரு நேராகக் கிழக்கே போகிறது. வழியில் 1701-இன் சீயோன் தேவாலயம், 1718-இன் புதிய எருசலேம் தேவாலயம், கடைசியில் திடல், டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பிய டான்ஸ்பார்க் கோட்டை, அதற்கப்புறம் கடல். நல்ல தோள் உள்ளவருக்குக் கையால் தள்ளியே முடிகிற தூரம். ஆளை நிறுத்துவது தூரம் அல்ல, முன்னாலிருக்கும் காஸ்டர் என்ற குட்டிச் சக்கரம்தான்.

இங்கே பேசுவது மடங்காத சட்டம் கொண்ட ஆக்டிவ் வீல்சேரைப் பற்றி. பின்னால் 24 அங்குலக் காற்றுச் சக்கரம், முன்னால் 5 அங்குலக் காஸ்டர். வழவழப்பான தரையில் இதைப் போலச் சுகம் கிடையாது; ஒரு விரலுக்குத் திரும்பும். ஆனால் பெயர்ந்த கல், சாலை ஓரத்து மணல் திட்டு, அரை அங்குல விளிம்பு எதுவானாலும் காஸ்டர் அப்படியே குத்தி நின்றுவிடும். வண்டி நிற்கும், ஆள் நிற்க மாட்டார். அதனால் இடுப்புப் பட்டை கட்டாயம். காஸ்டரைத் தூக்கிக் கடக்கத் தெரிந்தவர் தப்பிப்பார். தெரியாதவரை உதவிக்கு வருபவர் முன்பக்கமாகத் தள்ளவே கூடாது. வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் ஏறும்படி பின்னோக்கி இழுக்க வேண்டும். மணலிலும் அதே முறைதான். ஆஸ்பத்திரி வகை மடக்கு வண்டியில் காஸ்டர் 8 அங்குலம். கனமானாலும் இந்த ஒரு விஷயத்தில் அது பரவாயில்லை.

முன்னால் மாட்டும் மோட்டாரின் உண்மையான லாபம் இங்கேதான். மாட்டியதும் காஸ்டர்கள் தரையிலிருந்து எழும்பிவிடுகின்றன. அவற்றின் வேலையை மோட்டாரின் ஒரே பெரிய சக்கரம் எடுத்துக்கொள்கிறது. வேகத்தை மறந்துவிடுங்கள். கரடான தெருவில் கண்ணைத் தரையிலேயே வைத்திருக்காமல் நிமிர்ந்து ஊரைப் பார்த்துப் போக முடிகிறதே, கொடுத்த காசு அதற்குத்தான்.

குறையும் அதே அமைப்பில் இருக்கிறது. மோட்டார் முன்சக்கரத்தில், உட்கார்ந்தவரின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தில். 1:12, அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரும் சாய்தளத்தில் அலுங்காமல் ஏறும். விதிமுறை கேட்பது அந்த அளவுதான், ஆனால் நம் ஊரில் சிமெண்டைக் கொட்டிச் சாய்த்ததெல்லாம் சாய்தளம் என்று பேர் வாங்கிவிடுகிறது. அந்தச் செங்குத்தில் முன்சக்கரம் பிடிமானமின்றி வெறுமனே சுழலும். மணல் படிந்திருந்தால் இன்னும் மோசம். உடம்பை முன்னால் சாய்த்து, வேகம் கூட்டும் திராட்டிலை மெதுவாகக் கூட்டி, கையாலும் பின்சக்கர ரிம்மைத் தள்ளினால் பாதி இடங்களில் ஏறிவிடலாம். மீதிக்கு ஆள் வேண்டும். கோட்டைக்குள் படி, நிலைவாசல் எல்லாம் 400 வருஷத்துக் கட்டடத்தின் அளவில் இருக்கும் என்று எண்ணித் துணையோடு போவதே சரி. உலர்ந்த கடற்கரை மணலில் மோட்டாரோடு இறங்கவே வேண்டாம். முன்சக்கரம் தனக்குத் தானே குழி பறித்துக்கொள்ளும்.

சித்திரைத் தொடக்கம், கத்திரி வருமுன், இந்தக் கரைக்கு நல்ல நேரம். தெரு கிழக்குப் பார்த்தது என்பதை வைத்தே கிளம்பும் மணியைத் தீர்மானிக்கலாம். காலையில் போனால் வெயில் முகத்தில் அடிக்கும். நாலு மணி வாக்கில் கிளம்பினால் வெயில் முதுகுக்குப் போய்விடும், கடற்காற்று எதிரே வரும். கையால் தள்ளுபவருக்கு அந்தக் காற்று கூடுதல் வேலை, ஆனாலும் உடம்பு சூடேறாது. கோட்டையை முதலில் பார்த்துவிட வேண்டும், மாலையில் அடைத்துவிடுவார்கள். நிழலில் வண்டியை நிறுத்தாவிட்டால் அலுமினிய ரிம் கை வைக்க முடியாதபடி காயும். விரல் மூடாத கையுறையோடு ஒரு ஈரத்துணியும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டுவடக் காயம் மார்பு மட்டத்துக்கு மேலே உள்ளவர்களுக்கு வெயில் வேறு கணக்கு. காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளாது. தண்ணீர் குடிப்பது மட்டும் போதாது. தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் வைத்து முகம், கழுத்து, கைகளில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடுதலாகக் குடித்தால், கதீட்டர் என்ற குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கும் இடைவெளியும் குறையும். வழக்கமாக 4 முதல் 6 மணி நேரம் தாங்குபவர் அன்றைக்கு 3 மணி நேரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே மட்டும் வியர்வை என்று வந்தால் வெயில் என்று தள்ளிவிடாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, சிறுநீர் சேரும் பை நிரம்பியிருக்கிறதா, அதன் குழாய் மடங்கியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். தணியவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். இருக்கையில் காற்று மெத்தை வைத்திருப்பவர்கள், குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கிச் சற்று நேரம் கழித்து ஒருமுறை அடியில் கை விட்டுப் பார்க்க வேண்டும். சூட்டில் காற்று விரிந்து மெத்தை இறுகும். உட்காரும் எலும்புக்குக் கீழே ஒன்றரை முதல் இரண்டரை செண்டிமீட்டர் இடம் இருப்பது பொதுவான அளவு.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதால் துறைமுகத்தில் லாரி நெரிசலும் ஐஸ் தண்ணீர் வழுக்கலும் குறைவு. ஆனால் அப்போதுதான் வலை பராமரிப்பு நடக்கும், தரையெங்கும் நைலான் நூல் துண்டு கிடக்கும். காஸ்டர் அச்சில் ஒரு நூல் சுற்றிக்கொண்டால் உருளும்போதெல்லாம் இறுகி, பேரிங்கின் ரப்பர் சீலை அறுத்து உள்ளே போகும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் சந்தேகம் அங்கேதான். ஒரு சிறு கத்தரியும் காஸ்டர் போல்ட்டுக்கு ஆலன் சாவியும் பையில் இருக்கட்டும். படகுத்துறையின் ஓரம் தண்ணீர் வடியக் கடல் பக்கம் சாய்ந்திருக்கும், பெரும்பாலும் தடுப்பும் இராது. நிற்கும்போது பிரேக் போட்டு, வண்டியைக் கரைக்கு இணையாக நிறுத்துங்கள். கடலைப் பார்த்தபடி வேண்டாம். விரித்த வலை மேல் ஏற்றாதீர்கள். கேட்டால் ஒதுக்கி வழி விடுவார்கள்.

பஞ்சர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. வீல்சேர் டயர் பெரும்பாலும் 24 × 1⅜, அதாவது 540 மில்லிமீட்டர் ரிம். பிள்ளைகளின் 24 அங்குல மவுண்டன் சைக்கிள் டயர் 507, அதனால் அது ஏறாது. ஆனால் டியூப் நீளும் பொருள். அந்த சைக்கிள் டியூபே அவசரத்துக்குப் போதும், ரிம் துளைக்கு வால்வ் பொருந்தினால் சரி. மோட்டார் பைக் வகை வால்வ் என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். கம்ப்ரஸர் சில நொடியில் அளவைத் தாண்டிவிடும், டயர் பக்கவாட்டில் அச்சடித்த பிஎஸ்ஐ என்ற காற்றழுத்த எண்ணைக் கடைக்காரரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

வாடகைக் காரில் போகிறவர்கள், பின்பெட்டியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கிறதா என்று புக் செய்யும்போதே கேட்க வேண்டும். இருந்தால் சக்கரத்தைக் கழற்றினாலும் சட்டம் உள்ளே போகாது. மோட்டாரின் பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள்.

பல கோடைகள் இந்தக் கரையில் ஓடிய வண்டியில் முதலில் சாவது காஸ்டர் பேரிங். பெரும்பாலும் 608 அளவுதான், பேரிங் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். இரும்புத் தகடு மூடியதைத் தவிர்த்து, இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீர் நனைத்த துணியால் சட்டம், ஆரங்கள், பிரேக் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். ஹோஸ் வைத்துப் பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள்ளேயே போய் உட்காரும். பெரிய சக்கரத்தைக் கழற்ற உதவும் அச்சை உருவித் துடைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் உப்பேறி அங்கேயே இறுகிவிடும். மோட்டார் மாட்டும் கிளாம்ப் போல்ட்டுகள் கரடான தெருவில் தளரும் என்பதால் அவற்றையும் அதே கையோடு இறுக்கிவிடலாம்.