ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுக்கு எந்த சிஐ, எந்த கோட் ரிவ்யூ டூல்: என் ஓட்டு

சிஐன்னா கோட் மாத்தும்போதெல்லாம் பில்டும் டெஸ்டும் தானா ஓட்டுற ஏற்பாடு, கோட் ரிவ்யூன்னா அந்த மாத்தத்த சேக்குறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் பாத்து கருத்து சொல்றது. நாலஞ்சு பேர் ஆபீஸ் வேல முடிஞ்சு ராத்திரி உக்காந்து நடத்துற ப்ராஜெக்டுக்கு எத எடுக்கலாம்னு பாக்குறவங்களுக்குத்தான் இது. கம்பெனி ப்ராஜெக்ட் வேற கணக்கு, அங்க பில் கட்டவும் சர்வர் பாத்துக்கவும் ஆள் இருக்கும்.

சிஐக்கு இப்போதைக்கு என் ஓட்டு கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்குத்தான். பப்ளிக் ரெப்போவா (யாரும் பாக்கக்கூடிய கோட் களஞ்சியம்) இருந்தா சாதா ரன்னருக்கு (டெஸ்ட் ஓடுற மெஷின்) நிமிஷக் கணக்கே கிடையாது, லினக்ஸ், விண்டோஸ், மேக் மூணும் ஓசி, லினக்ஸ் ரன்னர்ல 4 கோர் 16 ஜிபி ராம் தர்றாங்க. மேக் வாங்க காசில்லாதவன் தன்னோட லைப்ரரி மேக்ல ஓடுதான்னு பாக்க இத விட சுலபமான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஆனா கடுப்பேத்துற விஷயமும் இருக்கு. என்னென்ன ஓடணும்னு எழுதி வைக்கிற யாம்ல் ஃபைல நம்ம மெஷின்லயே ஓட்டிப் பாக்க அவங்களே ஒரு வழி தரல (ஆக்ட்னு வெளிய ஒரு டூல் இருக்கு, முக்காவாசி வேலை செய்யும்), அதனால எந்த ரெப்போ ஹிஸ்டரிய தொறந்தாலும் "ஃபிக்ஸ் சிஐ", "ஃபிக்ஸ் சிஐ அகெய்ன்"னு கமிட்டுங்க வரிசையா நிக்கும். அப்புறம் பப்ளிக் ரெப்போல 60 நாள் எந்த அசைவும் இல்லன்னா ஷெட்யூல் போட்ட வொர்க்ஃப்ளோவ அதுவே நிறுத்திடும், முடிஞ்சு போன லைப்ரரி, கமிட் பண்ண ஒண்ணும் இல்ல, வாரா வாரம் டெஸ்ட் மட்டும் ஓடட்டும்னு விட்டவங்கதான் இதுல மாட்டுவாங்க.

செக்யூரிட்டி பக்கம் இன்னும் மோசம். 2025 மார்ச்சுல டிஜே-ஆக்ஷன்ஸோட சேஞ்ச்டு-ஃபைல்ஸ்ங்கற ஆக்ஷனுக்குள்ள (யாம்ல்ல கூப்பிட்டுக்கலாம்னு வெளியாள் எழுதி வச்ச ரெடிமேட் துண்டு) எவனோ பூந்து, வெர்ஷன் டேக எல்லாம் தன்னோட கமிட்டுக்கு திருப்பி விட்டுட்டான். 23,000க்கு மேல ரெப்போ அத யூஸ் பண்ணிட்டு இருந்துச்சு. சீக்ரெட்ஸ் (பாஸ்வேர்ட், டோக்கன் மாதிரி) எல்லாம் பில்ட் லாக்ல போய் விழுந்துச்சு, பப்ளிக் ரெப்போன்னா லாக்கும் பப்ளிக்தானே. வெளியாள் எழுதின ஆக்ஷன் எதுவா இருந்தாலும் வி4, வி5ன்னு போடாம 40 எழுத்து கமிட் ஹாஷ முழுசா போடுங்க, டேக மாதிரி அத வேற கமிட்டுக்கு திருப்பி விட முடியாது, பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், பரவால்ல.

"ஓசியில தர்றாங்களே, அது போதாதா"ன்னு கேட்டா ட்ராவிஸ் சிஐங்கற பழைய சிஐ சேவையோட கதைய பாருங்க. 2011ல பெர்லின்ல ஆரம்பிச்சு, ஒரு காலத்துல ஓப்பன் சோர்ஸ்னாலே ரீட்மீல அந்த பச்சை பேட்ஜ் இருக்கும். 2019ல ஐடெராங்கற கம்பெனி வாங்கினாங்க, 2020 நவம்பர்ல இலவசத்துக்கு கிரெடிட் கணக்கு வந்துச்சு, 2021 ஜூன்ல ஓப்பன் சோர்ஸுக்குன்னே இருந்த பழைய சைட்ட மூடிட்டாங்க, எல்லாரும் மூட்டை முடிச்சோட கிளம்ப வேண்டியதாப்போச்சு. பில்டும் டெஸ்டும் ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட்லயோ மேக்ஃபைல்லயோ வச்சிருந்தவங்க ஒரு மதியத்துல மாறிட்டாங்க, எல்லாத்தையும் யாம்லுக்குள்ளயே எழுதி வச்சவங்க பாடுதான் திண்டாட்டம். யாம்ல் அந்த ஸ்க்ரிப்ட கூப்பிட்டா போதும், அதுக்கு மேல அதுக்கு வேலை குடுக்காதீங்க.

ரிவ்யூவுக்கு மட்டும்னு கேட்டா என் மனசு கெரிட்ங்கற ரிவ்யூ டூல் பக்கம். ஆண்ட்ராய்டு, க்யூட்டி, லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதுலதான். ஒரு கமிட் ஒரு சேஞ்ச், திருத்தினா அதே கமிட்ட அமெண்ட் பண்ணி திரும்ப புஷ் பண்ணணும், மூணாவது பேட்ச்செட்டுக்கும் (ஒவ்வொரு தடவ திருத்தி அனுப்புறதும் ஒரு பேட்ச்செட்) அஞ்சாவதுக்கும் நடுவுல என்ன மாத்தினீங்கன்னு அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டும். கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்ல (என் மாத்தத்த சேத்துக்கோங்கன்னு அனுப்புற விண்ணப்பம்) ஒருத்தர் ஃபோர்ஸ் புஷ் பண்ணி பழைய கமிட்ட மாத்தி எழுதினா பழைய கமென்ட் பாதி அவுட்டேட்டட்னு மடிஞ்சு போய்டும், எத சரி பண்ணார் எத விட்டார்னு நாமதான் தேடணும்.

அப்புறம் ஏன் கெரிட் எடுக்கலன்னா, புதுசா வர்ற பையன். ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் திருத்த வந்தவன் புஷ் பண்ணா சேஞ்ச்-ஐடி (கமிட் மெசேஜ்ல இருக்க வேண்டிய அடையாள எண்) காணோம்னு ரிஜெக்ட் ஆகும், ஹூக் இன்ஸ்டால் பண்ணு, மறுபடி அமெண்ட் பண்ணு, நேரா மெயின் பிராஞ்சுக்கு போகாது, ரெஃப்ஸ்-ஃபார்னு போடு... அவன் அன்னிக்கே எஸ்கேப். ரிவ்யூ பண்றவங்க போடுற பிளஸ் டூ மைனஸ் டூ ஓட்டெல்லாம் நூறு பேர் ப்ராஜெக்டுக்கு அழகு, நம்ம அளவுக்கு ஓவர். எல்எல்விஎம் (கம்பைலர்) மாதிரி பெரிய ப்ராஜெக்டே ஃபேப்ரிகேட்டர்ங்கற இன்னொரு ரிவ்யூ டூல விட்டுட்டு 2023 செப்டம்பர்ல கிட்ஹப் புல் ரிக்வெஸ்டுக்கு வந்துட்டாங்க. ஃபேப்ரிகேட்டர எழுதினவங்களே 2021 ஜூன்ல கைய விரிச்சிட்டாங்க, ஃபோர்ஜ்னு ஒரு ஃபோர்க் ஓடிட்டு இருக்கு, புதுசா ஆரம்பிக்கிறவங்க அந்தப் பக்கம் போக வேணாம்.

கிட்ஹப் மாதிரியே ரிவ்யூ, சிஐ ரெண்டும் இருக்கற கிட்லேப் நல்லாத்தான் இருக்கு, க்னோமும் கேடிஈயும் சொந்த சர்வர்ல ஓட்டுறாங்க. சர்வர் பாத்துக்க ஆள் இருந்தா தாராளமா போங்க, இல்லன்னா அப்டேட் போடுறதே ஒரு பார்ட் டைம் வேலை ஆயிடும்.

கிட்ஹப் மைக்ரோசாஃப்டோடது, அந்த வாசமே வேணாம்னா கோட்பெர்க்னு ஒரு கோட் ஹோஸ்டிங் சைட் இருக்கு. பெர்லின்ல ஒரு சங்கமா பதிவு பண்ணி நடத்துறாங்க, ரிவ்யூ பக்கம் கிட்ஹப் பழகினவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல பிடிபடும். அங்க இருக்கற உட்பெக்கர் சிஐ வேணும்னா கேட்டு வாங்கணும், தானா கிடைக்காது. லினக்ஸ்ல மட்டும் டெஸ்ட் ஓடினா போதும்ங்கற சின்ன ப்ராஜெக்டுன்னா நானே அங்கதான் போடுவேன்.