பூட்டிய காடா, குத்தகைக் காடா?

குவாத்தமாலாவின் வடக்கே பெத்தேன் பகுதியில், சுமார் 21 லட்சம் ஹெக்டேரில் மாயா உயிர்க்கோளக் காப்பகம் இருக்கிறது. 1990இல் அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டை அரசு வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு வகை, கோடாரியே நுழையக் கூடாத தேசியப் பூங்கா. இன்னொரு வகை, உள்ளூர்க்காரர்களுக்கு 25 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காடு. அங்கே மரம் வெட்டலாம்.

எது பிழைத்திருக்கும் என்று கேட்டால், பூங்கா என்றுதான் சொல்லத் தோன்றும். மேற்கே லகுனா தெல் திக்ரே பூங்காவில் போய்ப் பார்த்தால் தெரியும்: தீ வைத்து அழித்த இடங்களில் மாடு மேய்கிறது. அந்தப் பண்ணைகள் பலவற்றின் பின்னால் இருப்பது போதைக் கடத்தல் பணம். பூங்காவுக்குள்ளேயே 2025 வரை எண்ணெய் எடுப்பதும் நடந்தது. அது தனிக் கதை.

குத்தகைக் காட்டில் ஆண்டுக்கு ஒரு துண்டில்தான் வெட்டு. அந்தத் துண்டில் நிற்கும் மகோகனிகளை முதலில் எண்ணி, வரைபடத்தில் குறித்து, விதைக்கென்று சிலவற்றை விட்டுவிட்டு மிச்சத்தில்தான் ரம்பம் வைக்கிறார்கள். காட்டைக் கெடுக்காமல் மரம் எடுக்கிறார்கள் என்பதற்கான எஃப்எஸ்சி என்ற சர்வதேசச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது குத்தகை நிபந்தனை. குத்தகை எடுத்த உவாஷாக்தூன் ஊரில் மரத்தோடு, ஷாத்தே என்ற சிறு காட்டுப் பனையின் ஓலையும் வருமானம். பூங்கொத்து கட்ட வெளிநாடு போகிறது. முன்பு எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கிழிந்தது, புள்ளி விழுந்தது எல்லாவற்றையும் அறுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நல்ல ஓலைக்குத்தான் காசு என்று ஆன பிறகு கத்தி நிதானமாயிற்று. கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு ஓலையாகத் தரம் பிரிக்கிறார்கள்.

சரி, குத்தகை விட்டாலே காடு பிழைத்துவிடுமா? இல்லை. இதே காப்பகத்தில் சான் மிகேல் ஊருக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள்; மாட்டுப் பண்ணை உள்ளே வந்தது, குத்தகை ரத்தானது. அங்கே குடியேறியவர்கள் பெரும்பாலும் உழவர்கள். குத்தகை எடுத்த இன்னொரு ஊரான கார்மெலிட்டாக்காரர்களோ தலைமுறையாகச் சூயிங்கத்துக்கு மரத்தில் பால் இறக்கியவர்கள், மரம் நின்றால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. பூங்கா என்றாலே தோல்வி என்றும் சொல்ல முடியாது. பழைய மாயா நகரின் கோயில்கள் இருக்கும் திக்கால் பூங்கா நன்றாகவே நிற்கிறது, ஆனால் அங்கே சுற்றுலாப் பணம் கொட்டுகிறது. எல்லாப் பூங்காவிலும் கோயில் கோபுரம் இருக்காதே.

என் ஓட்டு குத்தகைக்குத்தான். உறுத்துவது அந்த 25 ஆண்டுக் கணக்கு. இன்று முளைக்கும் மகோகனி வெட்டுக்கு வருவதற்குள் ஒப்பந்தம் தீர்ந்துவிடும். கார்மெலிட்டாவுக்கு நீட்டிப்பு கிடைத்தது 2019இல். அதுவரை கன்றை வளர்த்தவர்களுக்கு, மரம் தங்களுக்கா என்று தெரியாது.