மூன்று வருடம் ஒரே கேரக்டர் ஷீட்

"நீங்க வச்சிருக்கிற ஷீட் இப்போ பாதி விலைக்குக் கிடைக்குது, வாங்கலாமா?" என்று நண்பர் நேற்று கேட்டார். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்காக ஒருவர் தனியாக வடிவமைத்து விற்கும் பிடிஎஃப் அது; கதாபாத்திரத்தின் எண்களையெல்லாம் குறித்து வைக்கும் தாள். மூன்று வருடமாக எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அதில்தான் நடக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒளிவது, குதிப்பது போன்ற 18 ஸ்கில்களையும் ஒரே நீளப் பட்டியலாக அடுக்காமல், எது எந்த எபிலிட்டியை, அதாவது அடிப்படைத் திறனைச் சேர்ந்ததோ அதற்குக் கீழேயே வைத்திருக்கிறார். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) கட்டத்தில் பெரிதாக +3, ஓரத்தில் சின்னதாக அந்த +3-ஐத் தரும் மதிப்பெண் 16, அடியிலேயே ஸ்டெல்த், அக்ரோபேட்டிக்ஸ். டைஸில் விழுந்த எண்ணோடு கூட்டுவது அந்த +3-ஐத்தான், 16-ஐ அல்ல. புதிதாக வந்த என் தங்கை முதல் நாளே யாரையும் கேட்காமல் உருட்டி, கூட்டிச் சொன்னாள். இதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் அந்த ஹிட் பாயிண்ட் கட்டம்! அடிபட்டால் குறைந்து, குணமானால் ஏறும் உயிர்க் கணக்கு அது. என் கதாபாத்திரமான ஃபைட்டர், அதாவது போர்வீரன், ஐந்தாம் லெவல், முழு ஹிட் பாயிண்ட் 44. ஒரே சண்டையில் 44, 37, 25, 31, 18 என்று மாறிக்கொண்டே இருக்கும். தாளிலேயே அதிகம் எழுதி அழிக்கிற எண் இதுதான், இதற்குக் கிடைத்த இடம் தபால்தலை அளவு. ஒரே ஒரு முறை எழுதும் பெயருக்கோ தாளின் முழு அகலம். ஷீட்டை வரைந்ததோ அமெரிக்க லெட்டர் அளவுக்கு, 216 மி.மீ. அகலம். ஜெராக்ஸ் கடையில் 210 மி.மீ. ஏ4-க்குள் அடக்கும்போது கட்டம் இன்னும் கொஞ்சம் சுருங்குகிறது.

போன ஞாயிறு ஃபைட்டர் 0-வில் விழுந்தான். பிழைப்பானா என்று பார்க்க உருட்டும் டெத் சேவில் இரண்டு தோல்வி, இன்னொன்று வந்தால் செத்தான். அந்த நேரத்தில் எங்கள் குழுவின் கிளெரிக், குணப்படுத்தும் மந்திரம் தெரிந்த பூசாரி, குணப்படுத்தினாள். 7 என்று எழுத அழிக்கிறேன், தாள் பொத்துக்கொண்டது. பின்பக்கச் சாமான் பட்டியலிலும் ஓட்டை.

கணினியில் நிரப்பி ஆடுபவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். வடிவமைத்தவர் இரண்டு முறை திருத்தி, பழைய வாடிக்கையாளர்களுக்குக் காசு வாங்காமல் அனுப்பினார். இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இப்போது ஷீட்டோடு ஒரு நீளத் துண்டுத்தாளைக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். பழைய எண்ணை அடித்துவிட்டு, கீழ் வரியில் புதியதை எழுதுகிறேன்.