பிளேயர் வாய் சேரவே இல்லை: 2,800 ரூபாய் மல்டி டூல் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிளேயர், கத்தி, திருப்புளி எல்லாம் ஒன்றாக மடங்கும் இந்த மல்டி டூலை நம்பிப் பணம் போட வேண்டாம். கறுப்புப் பூச்சு, பெல்ட்டில் மாட்டும் பை, '18 இன் 1' என்று பெட்டி மேலே பெரிய எழுத்து, விலை 2,800 ரூபாய். ஆன்லைனில் தேடினால் இதே அச்சு, இதே படம், நாலைந்து வெவ்வேறு பெயர்களில் வருகிறது. அதனால் பெயரைச் சொல்லி ஒன்றும் ஆகாது, நாளைக்கே இன்னொரு பெயரில் வரும். என்ன குறை, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதினால் வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சென்னிமலைப் பக்கம் எங்களுக்குத் தோட்டம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மஞ்சள், எல்லாம் போர்வெல் தண்ணீரும் சொட்டு நீரும்தான். தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், வேலை எப்போதும் டூல் இருக்கும் இடத்தில் வராது. மோட்டார் ரூமில் பை நிறைய ஸ்பானரும் திருப்புளியும் கிடக்கும், ஆனால் செடி வரிசையோடு போகும் சொட்டு நீர் லேட்டரல் பைப்பை எலி கடித்து வைத்திருப்பது கடைசி வரிசையில் இருக்கும். பைப்பை வெட்ட ஒரு கத்தி, கட்டுக்கம்பியை முறுக்கி வெட்ட ஒரு பிளேயர், ஃபில்டர் கிளாம்ப்பைத் திருகி இறுக்க ஒரு திருப்புளி, இந்த மூன்றும் இடுப்பிலேயே இருந்தால் போதும். மீதி பதினைந்தும் எனக்கு வேண்டியதில்லை. அந்த மூன்றும்தான் இதில் சரியில்லை.

பிளேயரில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மல்டி டூல் என்ற பொருளே பிளேயருக்காக வந்தது. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றியபோது, கார் அடிக்கடி மக்கர் செய்ய, தங்கின இடங்களில் குழாய் ஒழுக, கையில் மடக்குக் கத்தி மட்டும் இருந்ததாம். இதோடு ஒரு பிளேயரும் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யோசித்து, ஊருக்குப் போய் வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்து, 1983இல்தான் முதல் டூலை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அன்றிலிருந்து யார் மல்டி டூல் செய்தாலும் பெரும்பாலும் நடுவில் இருப்பது பிளேயர்தான், மற்றதெல்லாம் கைப்பிடிக்குள் மடங்கிக் கிடப்பவை.

எனக்கு வந்ததில் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுனியில் இடைவெளி தெரிகிறது. நுனியோடு நுனி நேராகவும் உட்காரவில்லை, ஒன்று இடது பக்கம் கொஞ்சம் விலகி நிற்கிறது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன், 0.40 மில்லிமீட்டர் தகடு உரசாமல் உள்ளே போகிறது. மெல்லிய கம்பியையோ ஒரு சின்ன பின்னையோ இதால் பிடிக்கவே முடியாது, வழுக்கிக்கொண்டு போகும். கம்பி வெட்டும் பகுதி அதைவிட மோசம். இரண்டு வெட்டு விளிம்பும் ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை. கட்டுக்கம்பி எவ்வளவு மெதுவான கம்பி, கையாலேயே முறுக்கலாம், அதை உள்ளே வைத்து அழுத்தினால் வெட்டாமல் நசுக்குகிறது, அப்புறம் பிளேயரை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டித்தான் பிய்க்க வேண்டியிருக்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியை வெட்டிப் பார்த்ததில் விளிம்பிலேயே பள்ளம் விழுந்துவிட்டது. வேலிக்கு இழுக்கும் தடித்த கம்பியை இதில் வைக்கவே இல்லை, அந்த வேலைக்கு இந்த அளவு டூல் ஆகாது, அதைக் குறையாகச் சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் கட்டுக்கம்பியை வெட்ட முடியாத பிளேயரை என்னவென்று சொல்வது? ஹார்டுவேர் கடையில் முந்நூறு ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் சாதாரணக் கட்டிங் பிளேயர் அதைச் சத்தமில்லாமல் வெட்டிப் போடும்.

ஆத்திரத்தோடு பெருந்துறையில் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அந்த அண்ணன் இரும்போடு வளர்ந்தவர், கையில் வாங்கியதும் எடையைப் பார்த்து 'பரவால்லீங்களே' என்றார். பிறகு வெட்டு விளிம்பில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். 'தம்பி, இதுக்குப் பதமே வெக்கலீங்க. மாவாட்டம் வருது பாருங்க.' நன்றாகப் பதம் வைத்த விளிம்பில் அரம் அவ்வளவு சுலபமாகக் கடிக்காது, வழுக்கும். இதில் பொடிப் பொடியாகக் கொட்டியது.

பெட்டியில் '420 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று போட்டிருக்கிறார்கள், அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 420 என்பது இரும்பில் கார்பனும் குரோமியமும் என்ன வகையில் கலந்திருக்கிறது என்பதற்கான பெயர், அவ்வளவுதான். அதை ஆயிரம் டிகிரி பக்கம் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்து, மறுபடி குறைந்த சூட்டில் பதம் வைத்தால்தான் கத்தியாகும், பிளேயராகும். அந்த வேலையைச் செய்யாமலோ அரைகுறையாகச் செய்தோ விட்டால் அதே 420 மெதுவான தகடுதான். நல்ல கம்பெனி மல்டி டூல்களில் கத்தியின் கடினம் ராக்வெல் சி அளவில் 55இல் இருந்து 58 வரை இருக்கும். இந்தப் பெட்டியில் அந்த எண் எங்கேயும் இல்லை. ஸ்டீலின் பெயரை மட்டும் போட்டுக் கடினத்தைப் போடாத டூல் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஸ்டார் திருப்புளியும் இதே கதிதான். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி மூடியில் இருக்கும் சாதாரண ஸ்க்ரூவைத் திருகினதற்கே நுனி மழுங்கிவிட்டது, இப்போது எந்த ஸ்க்ரூவிலும் உட்காராமல் சுற்றுகிறது. (மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் திருகினேன். இந்த மாதிரி டூல்களின் கைப்பிடி வெறும் இரும்பு, கரண்ட் இருக்கும்போது தொடவே கூடாது. கரண்ட் வேலைக்கென்றே 1000 வோல்ட், இரட்டை முக்கோண முத்திரை போட்ட பிளேயர்கள் தனியாக வருகின்றன, அதைத்தான் எடுக்க வேண்டும்.)

இது வரைக்கும் சொன்னதெல்லாம் பணம் போன குறை. அடுத்தது விரல் போகும் குறை.

கத்தியைத் திறந்ததும் உள்ளே ஒரு மெல்லிய தகடு வந்து அதன் அடியில் முட்டி நிற்க வேண்டும், அதுதான் பூட்டு. அந்தத் தகடு கத்தியின் அடிப்பாகத்தில் முழுசாக வந்து உட்கார்ந்தால் கத்தி தானாக மடங்காது. இதில் அது ஓரத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, திறக்கும்போது கேட்க வேண்டிய 'டக்' சத்தமே சில நேரம் வருவதில்லை. அடியுர மூட்டையைக் கத்தி நுனியால் குத்தித் திறக்கப் போனேன், பூட்டு நழுவிக் கத்தி என் விரல் பக்கம் மடங்கி வந்தது. கட்டைவிரல் தள்ளி இருந்ததால் தப்பித்தேன். வெட்டும்போது அழுத்தம் கத்தியைத் திறக்கிற பக்கமாகவே போகும், அதனால் பைப்பை வெட்டும்வரை இந்தக் குறை தெரியவே தெரியாது. குத்தும்போதும், மாட்டிக்கொண்ட கத்தியை இழுக்கும்போதும்தான் மடங்கும். வீட்டில் பையன்கள் எடுப்பார்கள், தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் 'கொஞ்சம் குடுங்க' என்று வாங்குவார்கள், அவர்களுக்கு இது எப்படித் தெரியும்? பூட்டு நிற்காத கத்தியைவிடப் பூட்டே இல்லாத பழைய மடக்குக் கத்தி எவ்வளவோ மேல். அதில் பூட்டு இல்லை என்று கைக்குத் தெரிந்திருக்கும், ஜாக்கிரதையாக இருப்போம்.

கத்தி அச்சில் ஆட்டமும் இருக்கிறது. பிடித்து ஆட்டினால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகிறது. இறுக்கலாம் என்றால் ஸ்க்ரூ கிடையாது, எல்லாம் ரிவிட் அடித்து மூடியிருக்கிறார்கள். ரிவிட் என்பதையே குறை சொல்லக் கூடாது, 1884இல் ஆரம்பித்த ஸ்விட்சர்லாந்து விக்டோரினாக்ஸ்காரர்கள் இன்று வரைக்கும் மடக்குக் கத்தியை ரிவிட்தான் அடிக்கிறார்கள், அதில் ஆட்டமும் இருக்காது, இறுக்கமும் இருக்காது. ரிவிட் அடிக்கிற கை அளவு தெரிந்து அடிக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் ரிவிட் அளவுக்கு மேல் நசுங்கி ரம்பத்தை இழுக்கவே முடியவில்லை, நகம்தான் உடைகிறது. மறுபக்கம் லூசாகி, சின்னத் திருப்புளியை இழுத்தால் பக்கத்தில் இருக்கும் அரமும் டப்பா திறப்பானும் சேர்ந்து வெளியே வருகின்றன.

கைப்பிடி உள்விளிம்பில் பிசிறு அப்படியே இருக்கிறது. எங்கள் பக்கம் எல்லாப் பட்டறையிலும் திருப்பூர் பனியன் வேஸ்ட் கிடக்கும், அதை எடுத்து விளிம்பில் தேய்த்தால் நூல் மாட்டி இழுபடுகிறது. பிளேயரை அழுத்திப் பிடிக்கும்போது அந்த விளிம்புதான் உள்ளங்கையில் பதியும். கறுப்புப் பூச்சு, அச்சைச் சுற்றி உரசும் இடமெல்லாம் உரிந்து, சொட்டு நீர் ஈரத்தில் அங்கே செம்பட்டையாகத் துரு கண்டுவிட்டது.

நல்லதும் சொல்ல வேண்டும். பெல்ட் பை தையல் உறுதியாக இருக்கிறது. சோடா பாட்டில் திறப்பான் நன்றாக வேலை செய்கிறது. கத்தரிக்கோல் சாக்குத் தைத்த நூலை வெட்டுகிறது. '18 இன் 1' கணக்கில் விளிம்பில் கீறியிருக்கும் ஸ்கேல் கோடும் கயிறு மாட்டும் வளையமும்கூட டூல் என்று சேர்த்திருக்கிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள்.

'சல்லிசா வாங்கினா இப்படித்தான் இருக்கும்' என்று மச்சான் சொன்னார். எனக்கு அது சம்மதமில்லை. இங்கே கூலி வேலைக்குப் போகிறவருக்கு 2,800 ரூபாய் சின்னப் பணம் இல்லை. அதைவிட முக்கியமாக, இந்தக் குறைகளில் எதற்குமே விலை உயர்ந்த இரும்பு தேவையில்லை. பிளேயர் வாயை இரண்டு இழுப்பு அரம் போட்டுச் சேர்க்கலாம், பிசிறைத் தேய்க்கலாம், பூட்டைத் திறந்து மூடிப் பார்க்கலாம். கடைசியில் ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இது பெட்டிக்குள் போயிருக்காது. கோயமுத்தூரில் பம்ப் செட் கம்பெனியில் என் சித்தப்பா பையன் வேலை செய்கிறான். அங்கே பம்பைத் தண்ணீரில் ஓட்டி, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்து எழுதின பிறகுதான் பேக்கிங்குக்கு அனுப்புவார்களாம். அப்படிப் பார்த்து அனுப்பும் பொருளை வாங்கியே பழகிய ஊர் இது. கத்தி மடங்குகிறதா என்று பார்க்க மெஷின்கூட வேண்டாம், ஒரு கட்டைவிரல் போதும்.

மாற்றிக் கேட்டேன், வேறு ஒன்று அனுப்பினார்கள். அதில் பிளேயர் இடைவெளி கொஞ்சம் குறைவு, கத்திப் பூட்டு அதே மாதிரி ஓரத்தில்தான் நின்றது. ஏதோ ஒரு பீஸ் தப்பி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது, செய்கிற விதமே அப்படி. பணத்தைக் கேட்டால் 'பயன்படுத்திய பொருள், திரும்ப எடுக்க முடியாது' என்று பதில். பயன்படுத்தாமல் குறை எப்படித் தெரியும்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் படங்களோடு புகார் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் தளத்தில் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எந்த நாட்டில் தயாரானது என்பதையும் காட்டியாக வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

இதை விற்கும் ஆன்லைன் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் நிறையப் பேர் 'பேக்கிங் சூப்பர்', 'கிஃப்ட் கொடுக்க நல்லா இருக்கு' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்த அன்றே எழுதியது. கம்பி வெட்டினவர், பைப்பு அறுத்தவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். இப்போதைக்கு நான் ஒரு சின்ன கட்டிங் பிளேயர், மடக்குக் கத்தி, இரண்டு பக்கமும் மாற்றிப் போடும் திருப்புளி மூன்றையும் அந்த நல்ல பையிலேயே போட்டுக்கொண்டு சுற்றுகிறேன், மூன்றும் சேர்த்தே ஆயிரத்துக்குள் முடிந்தது.

இதே அச்சில் வேறு பெயரில் யாராவது வாங்கி வைத்திருந்தால், கத்தியை முழுசாகத் திறந்து, கைக்குத் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, அதன் முதுகில், அதாவது கூர் இல்லாத பக்கத்தில், மெதுவாக அழுத்திப் பாருங்கள். மடங்கினால் திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.