ரிக் வேலை என்று சொல்லி 2,200 டாலர் வாங்கினார்கள், வேலையும் இல்லை, பயிற்சியும் இல்லை: பணம் கட்டப் போகிறவர்கள் படிக்கவும்

கோபத்தில்தான் எழுதுகிறேன், அங்கங்கே சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் இருக்கும் எண்ணெய் ரிக்கில் ரவுஸ்டபவுட் வேலை வாங்கித் தருகிறோம், பயிற்சி, மெடிக்கல், சர்டிபிகேட் எல்லாம் எங்கள் பொறுப்பு என்று ஒரு பயிற்சி மற்றும் வேலைவாய்ப்பு நிறுவனம் என்னிடம் 2,200 டாலர் வாங்கியது. இன்று என் கையில் இருப்பது ஹாலோகிராம் ஒட்டிய ஒரு காகிதம் மட்டும். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. எப்படிப்பட்ட கடை என்று சொல்கிறேன், உங்களுக்கே அடையாளம் தெரியும். எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: ரவுஸ்டபவுட் என்பது ரிக்கில் அடிமட்டக் கூலி வேலை. கிரேன் தூக்கும் சரக்குக்கு ஸ்லிங் என்ற தூக்கு வடம் மாட்டுவது, சரக்கில் கட்டியிருக்கும் டேக் லைன் கயிற்றைப் பிடித்து அது ஆடாமல் இறக்குவது, துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, டெக்கைக் கழுவுவது, துளையிடப் பயன்படும் சேற்றுக் கலவையைக் கலக்கும் இடத்தில் பேரைட் என்ற கனிமத் தூள் மூட்டைகளைக் கிழித்துக் கொட்டுவது. 12 மணி நேர ஷிப்ட். 28 நாள் கடலில், 28 நாள் வீட்டில், அல்லது 14-க்கு 14, இப்படிச் சுழற்சி. முதுகு ஒடியும், ஆனால் அங்கிருந்து ரஃப்நெக், டெரிக்மேன், டிரில்லர் என்று ஏறலாம். படிப்பு குறைவாக இருந்தும் உடம்பில் வலு இருக்கிறவனுக்கு இப்படி ஓர் ஏணி வேறு எங்கே இருக்கிறது? எங்களைப் போன்றவர்களைக் குறிவைத்து இவர்கள் கடை போடுவதற்குக் காரணமும் அதுதான்.

நம்பியது எப்படி என்று கேட்பீர்கள். விளம்பரத்தைப் பார்த்து இல்லை, அங்கே வகுப்பெடுத்த பயிற்சியாளரைப் பார்த்து. அவர் போலி இல்லை. நிஜமாகவே ரிக்கில் வேலை பார்த்தவர். இடது கையின் மோதிர விரலில் மேல் கணு இல்லை. முதல் வகுப்பிலேயே அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, "இரண்டு பைப்புக்கு நடுவில் கை வைத்தேன், ஒரு நொடிதான்" என்றார். டேக் லைனை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதே, சரக்கு இழுத்தால் உன்னையும் சேர்த்து இழுக்கும். தொங்கும் சுமைக்கு அடியில் நடக்காதே. புகை நிறைந்த அறையில் சுவரைத் தடவும்போது புறங்கையால் தடவு. இதெல்லாம் பொய் இல்லை. 1988-இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா தளம் வெடித்து எரிந்து 167 பேர் இறந்ததைச் சொன்னபோது அவர் குரல் கம்மியது. தங்கும் பகுதியில் உத்தரவுக்காகக் காத்திருந்தவர்கள் புகையிலேயே போனார்கள் என்றார். அதுவும் உண்மை. இப்படிப்பட்ட ஒரு மனிதர் எங்களைக் கழுத்தறுப்பார் என்று யார் நினைப்பார்கள்? அன்று மாலையே இரண்டாம் தவணையைக் கட்டினேன்.

இப்போது நீச்சல் குளத்துக்கு வருகிறேன். எனக்கு ஆறாதது இதுதான்.

ரிக்குக்குப் போக பெரும்பாலான நிறுவனங்கள் போசியட் (BOSIET) என்ற அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியைக் கேட்கின்றன. மூன்று நாள். நான்கு வருடம் செல்லும், அதற்குள் ஒரு நாள் மறுபயிற்சி. தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் பிழைப்பது எல்லாம் உண்டு. ஆனால் அதன் உயிர்நாடி ஹெலிகாப்டர் பயிற்சி. ஹெலிகாப்டரின் இன்ஜினும் கியர்பாக்ஸும் மேலே இருப்பதால் கடலில் இறங்க நேர்ந்தால் அது தலைகுப்புறக் கவிழ வாய்ப்பு அதிகம். அதனால் ஹெலிகாப்டர் மாதிரி ஒரு கூண்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக் குளத்தில் இறக்கிக் கவிழ்ப்பார்கள். தண்ணீருக்கடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஜன்னலைத் தள்ளி வெளியே வர வேண்டும். மூக்கில் தண்ணீர் ஏறும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. அந்தக் குழப்பத்தை உடம்பு ஒருமுறையாவது அனுபவித்திருக்க வேண்டும் என்பதற்குத்தான் பயிற்சியே.

எங்களுக்கு அதை வீடியோவில் காட்டினார்கள். மொட்டை மாடிக்குக் கீழே ஓர் அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் புரொஜெக்டர். "குளத்தில் பராமரிப்பு வேலை நடக்கிறது, பிராக்டிகல் அடுத்த வாரம்" என்றார்கள். அடுத்த வாரம் வந்தது குளம் இல்லை, சர்டிபிகேட். "பிராக்டிகலை வேலைக்குப் போகிற இடத்திலேயே செய்துவிடுவார்கள் தம்பி, கவலையை விடு." மெடிக்கலும் அதே லட்சணம்: ரத்த அழுத்தம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள்.

அப்புறம் ஆஃபர் லெட்டர் வந்தது, கடைசித் தவணையும் போனது. மொத்தம் 2,200 டாலர். அதற்குப் பிறகு காரணங்கள் வர ஆரம்பித்தன. ரிக் வேறு கிணற்றுக்கு நகர்கிறது. கடல் கொந்தளிப்பு. கிளையன்ட் அனுமதி வரவில்லை. ரிக் பழுதுபார்க்க யார்டுக்குப் போயிருக்கிறது. இதில் என்ன சாமர்த்தியம் என்றால், இவை எல்லாமே ரிக் தொழிலில் உண்மையாகவே நடப்பவை. ரிக் நகரும், வானிலை கெடும், ஒப்பந்தம் தள்ளிப்போகும். எதையும் பொய் என்று சொல்லி மடக்க முடியாது. தொழில் தெரிந்தவன் ஏமாற்றினால் இப்படித்தான், பழைய அனுபவத்தையே சாக்காக விற்பான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு நானே வேறொரு ஒப்பந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். வீடியோ நேர்காணல். நேர்காணல் எடுத்த அம்மா சர்டிபிகேட் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் இல்லையே என்றார். இந்தப் பயிற்சிகளுக்குத் தரம் வகுக்கும் ஓபிட்டோ (OPITO) என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் முடித்தவர்களின் விவரம் அவர்களுடைய மையப் பதிவேட்டில் ஏறியிருக்கும். என்னுடையது இல்லை. எண் தவறாக இருக்கலாம் என்று எனக்குச் சாதகமாகவே யோசித்து, ஒரு கேள்வி கேட்டார்: "கூண்டு கவிழ்ந்ததும் முதலில் பெல்ட்டைக் கழற்றினீர்களா, ஜன்னலைத் தள்ளினீர்களா?"

பெல்ட் என்றேன்.

ஜன்னல்தானாம். சுழற்சி நிற்கும்வரை ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெல்ட் மாட்டியபடியே ஜன்னலைத் தள்ள வேண்டும். பெல்ட்தான் உடம்பை இருக்கையோடு பிடித்து வைக்கிறது. முதலில் அதைக் கழற்றினால் நாம் மிதந்துவிடுவோம், தள்ளும்போது ஜன்னல் நகராது, நாம்தான் பின்னால் போவோம். குளத்தில் ஒருமுறை கவிழ்ந்தவன் இதை மறக்க மாட்டான். நான் அந்தக் காகிதத்தோடு நிஜமாகவே ஹெலிகாப்டரில் ஏறியிருந்தால்? 2,200 டாலர் போனது ஒரு பக்கம். என் உயிரையும் அதே விலைக்குள் சேர்த்து வைத்து விற்றிருக்கிறார்கள், அதை நினைத்தால்தான் ரத்தம் கொதிக்கிறது.

நேரே அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண், "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்றார். கண்ணாடிக் கதவுக்குள் சார் செல்போன் பார்த்துக்கொண்டு இருந்தார். உள்ளே போனதும், "இது வேறு ஸ்டாண்டர்டு தம்பி, அவர்கள் தப்பான தளத்தில் தேடியிருப்பார்கள்" என்றார். எந்தத் தளம் என்று கேட்டேன். "மெயில் அனுப்புகிறேன்." இன்றுவரை அனுப்பவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்: பயிற்சி தொடங்கிய பிறகு கட்டணம் திருப்பித் தரப்படாது. எந்தப் பயிற்சி ஐயா? அதற்கு அடுத்து வந்ததைக் கேளுங்கள். "நாலு பேரைச் சேர்த்துவிடு, ஒவ்வொருத்தருக்கும் கமிஷன் தருகிறேன், உன் 2,200 டாலர் தானாகக் கழிந்துவிடும்." என்னை ஏமாற்றியது போதாதென்று என்னையே ஏமாற்றுகிறவனாக்கப் பார்க்கிறார்கள்.

பயிற்சியாளருக்குத் தனியாகப் போன் செய்தேன். "எனக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம், சர்டிபிகேட் விஷயம் எனக்குத் தெரியாது" என்றார். குளம் இல்லாமல் போசியட் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? பைப்பர் ஆல்ஃபாவைச் சொல்லிக் குரல் கம்மியவருக்கு? அதன் பிறகு என் எண்ணை எடுப்பதில்லை. எங்கள் வகுப்புக் குழுவிலும் கேள்வி கேட்டேன், அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிட்டார்கள்.

"ஆசைப்பட்டு ஏமாந்தாய்" என்று அறிவுரை சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிவைப் பாருங்கள். வேலைக்கு ஆசைப்படுவது குற்றம் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை, காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். முக்கியமானது மட்டும்:

அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியல் ஓபிட்டோ தளத்திலேயே இருக்கிறது. கட்டுவதற்கு முன் பாருங்கள். குளத்தையும் கவிழ்க்கும் கூண்டையும் நேரில் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் கிளம்பிவிடுங்கள். நீங்களே நேரடியாக மையத்தில் கட்டணம் கட்டிப் பயிற்சி எடுப்பது வேறு, வேலை வாங்கித் தர என்று ஏஜெண்டு பணம் கேட்பது வேறு. வேலை தேடுகிறவரிடம் ஏஜென்சி நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவின் 1997-ஆம் வருட 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, விதிவிலக்குகளும் உண்டு, ஆனால் பணம் கேட்டவுடனே சந்தேகப்பட அது போதும். ஆஃபர் லெட்டர் வந்தால் அதில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண்ணுக்குச் செய்யுங்கள்.

என்னோடு அதே வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ரசீதுகளையும் பேசிய ஆடியோவையும் அழிக்காதீர்கள். அந்தச் சர்டிபிகேட்டை எங்கேயும் காட்டி வேலைக்குச் சேராதீர்கள். எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து புகார் கொடுத்தால் வழக்கு நிற்கும் என்று வக்கீல் சொல்கிறார்.