பணக் கஷ்டத்துக்கு ராங்கிங் போடும் அமெரிக்கப் பட்டியல்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு விமர்சனம்

ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டரைதான் கொடுப்பேன்.

வாலெட்ஹப் என்று ஓர் அமெரிக்க நிதித் தளம் இருக்கிறது. அந்த நாட்டின் 100 பெரிய நகரங்களை எடுத்து, எந்த ஊர்க்காரர்கள் பணத்துக்கு அதிகம் திண்டாடுகிறார்கள் என்று வரிசைப்படுத்திப் போடுவார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் பகிர்ந்து, "நம்ம ஊரைச் சேர்த்தா முதலிடம் நமக்குத்தான்லா" என்று எழுதியிருந்தார். சரி, எப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள் பார்ப்போம் என்று படித்தேன். அவர்கள் அளவுகோலை அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்தால் முதலிடமாவது ஒன்றாவது, சுங்கை சிப்புட் நல்ல வசதியான ஊர் என்றுதான் வரும் போலிருக்கிறது.

எதை அளக்கிறார்கள் என்றால், கடன் மதிப்பெண் (ஒருவர் கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறார் என்று காட்டும் எண்), அது ஏறியதா இறங்கியதா, தவணை கட்ட முடியாமல் ஒத்திவைத்த கணக்குகள் எத்தனை பேரிடம், திவால் மனுக்கள் கூடினவா, அப்புறம் கூகுளில் "கடன்" என்று எவ்வளவு பேர் தேடினார்கள். கூகுள் தேடலைத் தவிர மற்றதெல்லாம் வங்கியோடு புழங்குகிறவர் விட்டுப்போகும் தடம். ஒத்திவைத்த கணக்கு என்றால் கடன் கொடுத்தவரே சம்மதித்துத் தவணையைத் தள்ளிப்போட்டது. அப்படிப் பார்த்தால் 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, கோவிட் சமயத்தில் எங்கள் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த ஆறு மாத ஒத்திவைப்பில் மலேசியாவே தத்தளித்திருக்கிறது, பங்களாவுக்குக் கடன் கட்டிக்கொண்டிருந்த டாக்டர் உட்பட. உரிமம் இல்லாமல் கொள்ளை வட்டிக்குக் கொடுக்கும் வட்டி முதலையிடம் வாங்கியவருக்கு அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை, ஆகவே பட்டியல்படி அவர் சௌக்கியம்!

இங்கே பணக் கஷ்டம் தெரிகிற இடமே வேறு. அடகுக்கடைக்குப் போய்ப் பாருங்கள். 1972 அடகுக்கடைச் சட்டப்படி மாதத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும். தீபாவளிக்கு மீட்ட சங்கிலி பள்ளிக்கூடம் திறக்கும்போது திரும்ப உள்ளே போய்விடும், செம்பனைத் தோட்டத்தில் மழைக்காலத்தில் வேலை நாள் குறைந்தால் வளையலும் கூடப் போகும். கூட்டுப் பிடிப்பதை, அதாவது சீட்டு நடத்துவதை, 1971-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று, ஆனாலும் தோட்டத்துக்குத் தோட்டம் யாராவது ஓர் அக்கா நடத்திக்கொண்டுதான் இருக்கிறார். மளிகைக் கடை நோட்டுக் கடனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் எது வங்கிக் கணக்கில் ஏறுகிறது? கூகுளிலும் யாரும் தேட வேண்டியதில்லை, விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் கடன் கொடுப்பவரின் கைப்பேசி எண் ஒட்டியிருக்கிறது.

திவால் கணக்கும் அப்படித்தான். இங்கே கடன் கொடுத்தவர் ஒருவரைத் திவாலாக்க வழக்குப் போட வேண்டுமானால் குறைந்தது 100,000 ரிங்கிட் பாக்கி இருக்க வேண்டும். 2017 வரை அது 30,000-ஆக இருந்தது, பிறகு 50,000 ஆகி, கோவிட் காலத்தில் 100,000 ஆனது. நல்ல மாற்றம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 15,000 ரிங்கிட் கடனுக்கே உடைந்துபோன தோட்டக் குடும்பத்தை யாரும் திவாலாக்க முடியாது, அதனால் அந்தக் குடும்பம் எண்ணிக்கையிலும் வராது.

இதைவிடப் பழைய அளவுகோல் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. 1976-இல் ரிச்சர்ட் நேத்தன், சார்ல்ஸ் ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க நகரங்களுக்குப் போட்டது. வேலையில்லாதோர், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்போர், தலைக்கு வருமானம், உயர்நிலைப் பள்ளி முடிக்காதோர், நெரிசலான வீடுகள், அப்புறம் 18 வயதுக்குக் கீழும் 64-க்கு மேலும் இருப்போர் என்று ஆறே விஷயம். கடைசியாகச் சொன்னதைப் பாருங்கள். இளசுகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட, தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் மட்டும் இருக்கிற தோட்டத்து லயத்து வீட்டை (வரிசை வீடு) அது பிடித்துவிடும். கடன் மதிப்பெண்ணால் முடியாது, பாட்டிக்கு வங்கிக் கடனே கிடையாதே. சிக்காகோ நகராட்சி இதே ஆறையும் வைத்துத் தன் 77 வட்டாரங்களையும் தனித்தனியாக அளந்திருக்கிறது. வாலெட்ஹப் பட்டியலிலோ சிக்காகோ முழுவதும் ஒரே வரி.

அதிலும் வறுமைக் கோடு என்று வந்தாலே எங்கே கோடு போட்டார்கள் என்று கேட்க வேண்டும். நம் அரசாங்கம் முன்பு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட்டில் கோடு போட்டிருந்தது. 2019-இல் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதைக் கடுமையாகச் சாடினார். மறு ஆண்டே கோடு 2,208-க்கு ஏறியது. 2016-க்கு 0.4 விழுக்காடு என்று சொல்லியிருந்த வறுமை, புதிய முறையில் 7.6 ஆகிவிட்டது. ஒருவர் வீட்டிலும் ஒன்றும் மாறவில்லை. 2022-இல் கோடு 2,589. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700, ஒருவர் சம்பளத்தில் ஓடுகிற குடும்பம் எங்கே நிற்கிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்புறம் எதற்கு இரண்டரை? எதற்கு எவ்வளவு மதிப்பு கொடுத்தோம் என்பதை ஒளிக்காமல் போட்டிருக்கிறார்கள், அதற்கு ஒன்று. மாற்றத்தை அளக்கிறார்கள், கார்க் கடனும் கடன் அட்டையும் நிறைந்த ஈப்போ மாதிரி ஊருக்கு அது நல்ல எச்சரிக்கை மணி, அதற்கு ஒன்று. மிச்சம் அரை, இலவசமாகக் கொடுப்பதற்கு.

வங்கிக் கடனில் மாட்டியவர்கள் இந்த ராங்கிங்கைப் பார்த்து நேரத்தைப் போக்காமல் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். 2006-இல் பேங்க் நெகாரா அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள், தவணையைக் குறைத்து அமைக்க வங்கியோடு அவர்களே பேசுவார்கள். "உங்கள் கடனை நாங்கள் தீர்த்து வைக்கிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று டெலிகிராமில் வருகிறவர்களுக்கு மட்டும் பதில் போடாதீர்கள்.