தண்டுவட பக்கவாதத்துக்கு எம்.ஆர்.ஐ.: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

தண்டுவடத்துக்குப் போகும் ரத்தம் தடைபட்டு அது செயலிழப்பதுதான் தண்டுவட பக்கவாதம். கால்கள் திடீரென விழுந்துபோனவருக்கு வழக்கமான முதுகு எம்.ஆர்.ஐ. முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: முதுகெலும்பு ஜவ்வோ (டிஸ்க்), கட்டியோ, ரத்தக்கட்டோ தண்டுவடத்தை நசுக்குகிறதா என்று காட்டுவது. அதில் குறை சொல்ல இடமில்லை. அதற்கு மேல்தான் சிக்கல்.

பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரம் டி2 படம் (நீரையும் வீக்கத்தையும் வெள்ளையாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) சுத்தமாகவே இருக்கலாம். 'நார்மல்' ரிப்போர்ட்டோடு விட்டுவிடக் கூடாது. டிஃப்யூஷன் படத்தையும் (திசுவில் நீர் நகர்வது தடைபட்ட இடத்தைக் காட்டும் வகை) கேட்டு வாங்க வேண்டும். பாதித்த இடம் அதில் வெள்ளையாகவும், அதிலிருந்தே கணக்கிட்டு எடுக்கும் ஏ.டி.சி. படத்தில் கறுப்பாகவும் தெரியும். மூச்சும் தண்டுவட நீரின் துடிப்பும் படத்தைக் கலக்கிவிடும்; சிறிய பரப்பை மட்டும் குறிவைத்து எடுத்தால் தேவலை.

குறுக்குவெட்டில் ஆந்தைக் கண் மாதிரி இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்ததும் பக்கவாதம் என்று முடிவுகட்டுவது அவசரம். நாள்பட்ட அழுத்தத்திலும் அது வரும். பக்கத்து முதுகெலும்பிலும் ரத்தமின்றிச் செத்த பகுதி தெரிந்தால், அதுதான் வலுவான சாட்சி.

மூன்று முதுகெலும்பு நீளத்துக்கு மேல் தண்டுவடத்தில் வீக்கம் என்றால் என்.எம்.ஓ.வையும் (கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் அழற்சி நோய்) நினைக்க வேண்டும், ஆனால் பக்கவாதமும் அவ்வளவு நீளலாம். அங்கே படத்தைவிடக் கடிகாரம் நம்பகமானது: பக்கவாதத்தின் பாதிப்பு பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும், அழற்சிக்கு நாட்கள் பிடிக்கும்.

தண்டுவடத்தின் பின்புறம் புழு நெளிவதுபோல் கறுப்புக் கோடுகள் இருந்தால் ரத்தக்குழாய் ஃபிஸ்டுலாவாக (தமனியும் சிரையும் தவறாக நேரடியாக இணைந்துவிடுவது) இருக்கலாம். அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு ஏற்றினால் சிலருக்கு நிலைமை மோசமாகும்.